மதகு தொறந்தாப் போதுமா?



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. குழுவில் கணக்கு எழுதுகிறவள், அதனால் கணக்கிலேயே ஆரம்பிக்கிறேன்.

தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கேபிளில் இன்டர்நெட் கொண்டுவரும் பாரத்நெட் திட்டத்துக்கு ஏறத்தாழ 1,815 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தேன். ஓர் ஊராட்சிக்குப் பதினாலரை லட்சம் வருது. நம்ம வரிப்பணமும் அதுல இருக்கு. சோப்பு வாங்கினாலும் வரி கட்டுறோமே!

அந்தக் கேபிளுக்குள்ள தலைமுடி கனத்துக்குக் கண்ணாடி நூல். அதுல வெளிச்சம் ஓடித்தான் சேதி போகுது. பெரும்பாலும் கரண்டுக் கம்பத்துலதான் கட்டியிருக்காங்க. செம்பு இருக்கும்னு வெட்டினா ஒண்ணும் கிடைக்காது, ஊருக்குத்தான் நஷ்டம். பிள்ளைங்ககிட்டச் சொல்லி வைங்க.

போன வருஷம் ஒரு சான்றிதழுக்காக எங்க ஊர்லேருந்து லால்பேட்டைக்கு மூணு நாள் அலைஞ்சேன். ஒரு நாள் சர்வர் வேலை செய்யல. மறுநாள் ஓடிபி வந்தது எங்க வீட்டுக்காரர் போனுக்கு, அவர் வயலில். மூணாம் நாள்தான் முடிஞ்சுது. மூணு நாள் நடவுக்கூலி போச்சு, பஸ் காசு தனி. அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுறது?

இத்தனைக்கும் எங்க ஊராட்சி ஆபீஸ் வரைக்கும் கேபிள் வந்தாச்சு. கருவி வச்ச அறைதான் பூட்டியே கிடக்கு. அந்தப் பதினாலரை லட்சம் அதுவரைக்கும்தான். அங்கேயிருந்து வீட்டுக்கு இழுக்கவும், மாசாமாசம் கட்டவும் தனிப் பணம். வீராணம் நிறைஞ்சு மதகு தொறந்தாலும் நம்ம வாய்க்கால் தூர்ந்து கிடந்தா வயலு காயத்தானே செய்யும்?

வீட்டுக்கு வீடு வாங்கணும்னு நான் சொல்லல. மாசம் ஐநூறு ரூபாய் எத்தனை பேரால முடியும்? நம்ம கூட்டமைப்புக் கட்டடத்துக்கு ஒரே ஓர் இணைப்பு போதும். இருபது குழு பங்கு போட்டா குழுவுக்கு 25 ரூபாய். குழுக் கணக்கு ஏத்தலாம், விண்ணப்பம் போடலாம், பிள்ளைங்க படிக்கலாம். "பொம்பளைங்க ரீல்ஸ் பார்ப்பீங்க"ன்னு ஒருத்தர் கிண்டல் பண்ணினார். பார்ப்போம், ஆம்பளைங்க பார்க்கலையா?

அக்டோபர் 2 கிராம சபையில் இதைக் கேட்கணும். பூட்டின அறையைத் தொறக்கச் சொல்லியும், கட்டடத்துக்கு இணைப்பு கேட்டும் மனு எழுதி வச்சிருக்கேன். சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னால எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.