துரைமார் நாட்டில் நடந்த காணிப் போராட்டம்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்முடைய தோட்டங்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். டன்சினன், ஹோலிரூட், பல்மோரல், எடின்பரோ. எல்லாம் ஸ்கொட்லாந்து நாட்டு இடப்பெயர்கள். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போடுவித்த ஜேம்ஸ் டெய்லரும் அந்த நாட்டுக்காரர்தான். அதனால் ஸ்கொட்லாந்து என்றதும் நமக்குத் துரைமார்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் அங்கேயும் காணி இல்லாத சனங்கள் இருந்தார்கள். அவர்களுடைய கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

ஸ்கொட்லாந்தின் வடக்கே மலைநாடு. அங்கே கேலிக் மொழி பேசும் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து, தானியமும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு வாழ்ந்தார்கள். ஆனால் காணி பிரபுக்களின் பெயரில் இருந்தது. குடியானவர்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை வந்ததும் பிரபுக்கள் கணக்குப் பார்த்தார்கள். மனிதரை விட ஆடு லாபம் என்று முடிவு செய்தார்கள். சதர்லாந்து மாவட்டத்தில் ஊர் ஊராக மக்களைக் கிளப்பிக் கடற்கரைக்குத் துரத்தினார்கள். திரும்பி வந்து குடியிருக்க முடியாதபடி வீட்டுக் கூரை மரங்களைக் கொளுத்தினார்கள். 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் ஆட்களை வெளியேற்றிய பட்ரிக் செல்லர் என்ற முகவர் மேல் 1816இல் வழக்கு நடந்தது. அவர் விடுதலையானார். ஆயிரக்கணக்கானோர் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறினார்கள்.

மிஞ்சியவர்களுக்குச் சின்னத் துண்டு நிலங்கள் கிடைத்தன. அவர்களைக் குரொஃப்டர்கள் என்பார்கள். வீட்டைக் கட்டுவதும் கல்லைப் பொறுக்கி நிலத்தைத் திருத்துவதும் அவர்கள். ஆனால் வருசா வருசம் வாடகை கட்ட வேண்டும். முகவர் போ என்றால் போக வேண்டும்.

ஸ்கை என்ற தீவில் பிரேஸ் என்ற இடத்து மக்களிடமிருந்து பென் லீ மலையின் மேய்ச்சல் நிலத்தைப் பிரபு எடுத்துக்கொண்டார். அதைத் திருப்பித் தரும்வரை வாடகை கட்டமாட்டோம் என்று எல்லாரும் சேர்ந்து நின்றார்கள். 1882 ஏப்ரலில் வெளியேற்றும் கட்டளையோடு நீதிமன்ற ஆள் வந்தபோது அந்தக் கடதாசிகளை அவர் கையாலேயே எரிக்க வைத்தார்கள். சில நாளில் கிளாஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 50 பொலிஸார் வந்து ஐந்து பேரைப் பிடித்தார்கள். பொலிஸாரை முன்னுக்கு நின்று மறித்தவர்கள் பெண்கள். கல்லும் பறந்தது, தடியடியில் பெண்களின் மண்டையும் உடைந்தது. அந்தச் செய்தி பத்திரிகைகள் வழியாக நாடெங்கும் போனது.

அடுத்த வருசம் அரசாங்கம் நேப்பியர் பிரபு தலைமையில் ஆணைக்குழு அமைத்தது. 1883 மே மாதம் அதன் முதல் அமர்வு அதே பிரேஸில்தான். முதல் சாட்சியாக எழும்பியவர் அங்கஸ் ஸ்டுவர்ட் என்ற குரொஃப்டர். உண்மையைச் சொன்னால் என்னை வெளியேற்றமாட்டீர்கள் என்று முதலில் உறுதி கொடுங்கள் என்று கேட்டார். அந்தப் பயம் நமக்குப் புதிதா? நிர்வாகத்தின் முன்னால் வாயைத் திறக்குமுன் காம்பிராவை நினைத்துப் பார்க்காதவர் நம்மில் எத்தனை பேர்?

அங்கஸ் பேசினார். அவருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானோர் ஊர் ஊராகப் பேசினார்கள். அதோடு சங்கம் கட்டினார்கள். 1884இல் கிராமப்புற ஆண்களுக்கு வாக்குரிமை விரிந்ததும், 1885 தேர்தலில் தங்கள் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1886இல் சட்டம் வந்தது. வாடகையை ஒழுங்காகக் கட்டும் குரொஃப்டரை இனி வெளியேற்ற முடியாது. நியாயமான வாடகையை ஒரு ஆணைக்குழு தீர்மானிக்கும். நிலம் பிள்ளைக்குப் போகும். விட்டுப்போனால் திருத்திய வேலைக்கு நட்டஈடு உண்டு. வாக்கு இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இது சாட்சி. வாக்கு பறிபோனால் என்ன ஆகும் என்பதை 1948க்குப் பிறகு நம்முடைய பெரியவர்கள் அனுபவித்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துண்டு நிலம்கூட இல்லாமல் அடுத்தவர் ஓரத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பட்டியல் போடும்போது வெளியில் நிற்பவர் யார் என்று நாமும் பார்க்க வேண்டும். தோட்டத்தில் பெயர் பதியாதவர், ஓய்வு பெற்றவர், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை, கணவனை இழந்த பெண். இவர்களை விட்டுவிட்டு வாங்கும் காணி உரிமை அரை உரிமைதான்.

1886 சட்டம் வெளியேற்றத்தைத் தடுத்தது. சொந்தமாக்கவில்லை. அதற்கு இன்னும் நூறு வருசத்துக்கு மேல் போனது. ஆட்டுக்காக மக்களைத் துரத்திய அதே சதர்லாந்தில், அசின்ட் பகுதிக் குரொஃப்டர்கள் 1993இல் ஏறத்தாழ 21,000 ஏக்கரைப் பணம் திரட்டிச் சேர்ந்து வாங்கினார்கள். 1997இல் எய்க் தீவு மக்களும் தங்கள் தீவை வாங்கினார்கள். 2003இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம், சமூகமாகச் சேர்ந்து காணி வாங்கும் உரிமையைச் சட்டமாக்கியது. அந்தப் பாராளுமன்றம் இன்று இருக்கும் இடத்தின் பெயர் ஹோலிரூட்.

அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் உண்டு. அவர்கள் வாடகைக் குடிகள், நாம் சம்பளத் தொழிலாளர். அவர்கள் வாடகையை நிறுத்தினார்கள் என்பதற்காக நாமும் அப்படியே செய்ய முடியாது. ஆனால் 7 பேர்ச் என்று பேச்சு வரும்போது, உறுதி யார் பெயரில், மரக்கறித் தோட்டம் சேருமா, பெண்ணின் பெயரும் வருமா என்று கேட்க முடியும். கேட்பதற்கு நம் கையில் கணக்கு வேண்டும்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு லயத் தலைவரும் ஒரு கொப்பி கொண்டுவாருங்கள். எந்தக் காம்பிராவில் எத்தனை குடும்பம், எத்தனை வருசமாக, யார் சொந்தக் காசில் கூரை மாற்றினார், எந்தத் துண்டில் யார் மரக்கறி போடுகிறார் என்று எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காம்பிராவையும் விடாதீர்கள்.