பயிற்சிக்கு ஏற்ற தோட்டா

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் பலருடைய முகம் வாடிவிடும். 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை நடந்த போரின் நினைவு அத்தகையது. ஆயினும், சட்டத்துக்கு அமைந்து துவக்கை ஏந்துவோர் எக்காலத்திலும் சிலர் உளர். பொலிஸார், காவற் பணியாளர், அனுமதிப் பத்திரம் பெற்ற கமக்காரர், குறி பார்த்துச் சுடுதலை விளையாட்டாகப் பயில்வோர் ஆகியோர் இவருள் அடங்குவர். இவர்கள் கையிலுள்ள கருவி பிறருக்குத் தீங்கு செய்யாதிருக்க வேண்டுமாயின் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குத் தோட்டா வேண்டும். தோட்டாவுக்குப் பணம் வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மிருதங்கம் பயிலும் மாணவன் ஒவ்வோர் அடிக்கும் காசு கொடுப்பதில்லை. சுடப் பயில்பவனோ விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் காசை இழக்கிறான். ஆகவே பலரும் பயிற்சியைச் சுருக்கி விடுகின்றனர். அன்றேல் மலிவான தோட்டாவைத் தேடி அலைகின்றனர். முன்னதனால் கை பழகாது. பின்னதனால் கையே போகவும் கூடும். மலிவும் நம்பகமும் ஒருங்கே அமைந்த தோட்டா எது என்பது, ஆகவே, வெறும் சிக்கன விசாரணையன்று.

தோட்டாவின் அமைப்பை முதலிற் காண்போம். அதற்கு உறுப்புகள் நான்கு: பித்தளைக் கோது, அதன் அடியில் உள்ள தீமூட்டி, உள்ளே நிரப்பிய வெடிமருந்து, வாயிற் செருகிய சன்னம். வன்னிக் காடுகளில் வழங்கிய இடியன் துவக்கிலே மருந்தையும் சன்னத்தையும் தனித்தனியே இட்டு இடித்து நிரப்ப வேண்டும். தோட்டாவிலே இவை யாவும் ஒரு கோதுக்குள் அடங்கிவிட்டன. அடியிலுள்ள தீமூட்டி அடிபட்டதும் பற்றுகிறது. அடியினால் தீமூட்டும் முறைக்கு 1807ஆம் ஆண்டில் உரிமை பெற்றவர் அலெக்சாந்தர் போர்சைத் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் என்பது வியப்பான செய்தி. தோட்டா நம்பத் தக்கதா என்ற வினாவுக்கு விடை பெரும்பாலும் இச்சிறு தீமூட்டியிலேயே அடங்கியுள்ளது.

மலிவு என்ற வினாவுக்கு விடை வேறிடத்தில் உள்ளது. பிரித்தானியப் படையினர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அதனைக் கண்டனர். பெரிய றைபிளின் குழலுக்குள்ளே ஒரு சிறு குழலைச் செருகி, சிறு தோட்டாவைக் கொண்டு பயிலச் செய்தனர். அதற்கு மொறிஸ் குழல் என்று பெயர். பின்னர்த் தென்னாபிரிக்காவிலே போவர் யுத்தம் மூண்டது. இலங்கையிலிருந்தும் குதிரைப்படைத் தொண்டர் அணியொன்று 1900ஆம் ஆண்டில் அங்கே சென்றது. குறி தவறாது சுடும் உழவர்களை எதிர்த்து நின்ற அனுபவம் பிரித்தானியரை விழிக்கச் செய்தது. 1901ஆம் ஆண்டில் தொழிலாளர் றைபிள் கழகங்களின் சங்கம் அங்கே தோன்றியது. அக்கழகங்களிற் பெரிதும் வழங்கியது .22 என்னும் தோட்டா. ஓர் அங்குலத்தை நூறு கூறாக்கினால் அதில் 22 கூறே அதன் விட்டம்.

எடையை ஒப்பிட்டால் மலிவின் காரணம் விளங்கும். பழைய .303 றைபிளின் சன்னம் ஏறக்குறைய 11 கிராம். கைத்துப்பாக்கிக்கும் காபைன் எனப்படும் குறுந்துவக்குக்கும் பொதுவாக வழங்கும் 9 மில்லிமீற்றர்த் தோட்டாவின் சன்னம் ஏழரை முதல் எட்டுக் கிராம். .22 தோட்டாவின் சன்னமோ இரண்டரைக் கிராமுக்குச் சற்றே மேல். ஈயமும் குறைவு, பித்தளையும் குறைவு, மருந்தும் மிகக் குறைவு. இந்தியாவிலே தேசிய மாணவர் படையினர் .22 றைபிளைக் கொண்டே சுடப் பயின்று வந்தனர். உலகெங்கும் கழகங்கள் செய்வதும் அதுவே.

இத்தோட்டாவுக்கு ஒரு குறை உண்டு. இதில் தீமூட்டும் மருந்து கோதின் விளிம்பைச் சுற்றி உட்புறமாகப் பரப்பப்பட்டிருக்கும். அது எங்கேனும் சீராகப் பரவாதிருப்பின் அந்த இடத்தில் அடி விழும்போது பற்றாது. நடுவிலே தீமூட்டி பொருத்திய பெரிய தோட்டாக்களில் இத்தவறு அரிது. ஆதலால் .22 பயிற்சிக்கு உகந்தது, காவலுக்கு உகந்ததன்று. அதன் பின்னுதைப்பும் சிறிது. பார்வை, மூச்சு, விசையை அழுத்தும் விரலின் பதம் ஆகியவற்றை இதனாற் பழகி, பயிற்சியின் முடிவிலே சில 9 மில்லிமீற்றர்த் தோட்டாக்களைச் சுடுதலே சிக்கனமும் பயனும் ஒருங்கே தரும் முறை. எல்லாவற்றையும் பெரிய தோட்டாவிலேயே பழக வேண்டும் என்பார் கூற்று, பணம் மிகுந்தோர் கூற்று.

இதனினும் மலிவானது காற்றுத் துப்பாக்கி. அதன் ஈயக் குண்டு அரைக் கிராம் அளவினது. கடலூரிலே பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீற்றர்க் காற்று றைபிளிலே பழகியே தோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குபற்றினார். இலங்கையின் தெஹானி எகொடவெலவும் தோக்கியோவில் அதே போட்டியிற் கலந்துகொண்டார்.

9 மில்லிமீற்றர்த் தோட்டாவை வாங்குவோர் சில கூறுகளை நோக்குதல் வேண்டும். 1902ஆம் ஆண்டளவில் ஒஸ்திரியரான ஜோர்ஜ் லூகர் வகுத்த இத்தோட்டாவை இன்று பல நாடுகள் செய்கின்றன. விலையும் தரமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். மலிவானவற்றுட் சிலவற்றின் கோது பித்தளையன்று, உருக்கு. சிலவற்றின் சன்னத்தில் மெல்லிய செம்புப் பூச்சின் கீழ் உருக்கு உறை இருக்கும். காந்தத்தை அருகே கொண்டு சென்றால் உண்மை வெளிப்படும். உருக்குறைச் சன்னம் உருக்கு இலக்குகளைச் சிதைப்பதாலும் தீப்பொறி எழுப்புவதாலும் பல பயிற்சிக் களங்கள் அதனை அனுமதிப்பதில்லை. களத்திலே பயன்படாத தோட்டா எவ்வளவு மலிவாயினும் என்ன பயன்?

தன்னியக்கமாக அடுத்த தோட்டாவை ஏற்றும் கருவிகள் சன்னத்தின் உந்துவிசையைக் கொண்டே இயங்குவன. மருந்து குறைந்த தோட்டா இலக்கை அடைந்தாலும், கோதை வெளியே தள்ளாது இடையில் நின்றுவிடும். ஆகவே பெருந்தொகையாக வாங்குமுன் ஒரு பெட்டியை வாங்கிச் சொந்தக் கருவியிற் சுட்டுப் பார்த்தல் நன்று. தடையின்றி ஓடினால் அதே தொகுதி எண் கொண்ட பெட்டிகளை வாங்கலாம். ஒருவருடைய துப்பாக்கியில் நன்றாக ஓடியது இன்னொருவருடையதில் ஓடும் என்பதற்கு உறுதி இல்லை.

தோட்டா தவறும்போது செய்ய வேண்டியதையும் பயில்வோர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. விசையை அழுத்தியும் வெடிக்காவிடில், குழலை இலக்கின் பக்கமே நீட்டி அரை நிமிடமேனும் காத்திருத்தல் வேண்டும். சில தோட்டாக்கள் சுணங்கி வெடிக்கும். ஓசை வழக்கத்தினும் மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்துதல் வேண்டும். சன்னம் குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். அதன் பின்னால் அடுத்த தோட்டாவைச் சுட்டவர் குழல் பிளந்து காயமுற்றிருக்கின்றனர்.

இனி, குடாநாட்டுக்கே சிறப்பாக உரிய ஒரு செய்தி. மூன்று புறமும் கடல், நடுவே கடனீரேரி, ஆனையிறவிலே உப்பளம். சோளகம் வீசினாலும் வாடை வீசினாலும் காற்றிலே உப்பு உண்டு. பழைய இராணுவத் தோட்டாக்களின் தீமூட்டியிலே பொற்றாசியம் குளோரேற் என்னும் பொருள் இருந்தது. அது எரிந்தபின் குழலில் ஒருவகை உப்புப் படியும். அவ்வுப்பு ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய் பூசுவதால் அது நீங்காது. வெந்நீராற் கழுவினாலே நீங்கும். இக்காலத்துத் தோட்டாக்களிற் பெரும்பாலானவை இக்குற்றம் அற்றவை. மிகை இராணுவச் சரக்கு என்று மலிவாக விற்கப்படுவனவற்றில் அது இருக்கக்கூடும். இரண்டு ரூபாய் மிச்சம் பிடித்து ஒரு குழலை இழப்பது சிக்கனமாகாது.

சேமிப்பைப் பற்றி இந்தியாவிலே நிகழ்ந்த ஒன்று நினைக்கத் தக்கது. 19ஆம் நூற்றாண்டிலே பிரித்தானிய இந்தியப் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களிலே வைத்திருந்தனர். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது பித்தளைக் கோதுகள் வெடித்திருந்தன. எவரும் அவற்றை அடிக்கவுமில்லை, நெருப்பிலிடவுமில்லை. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா ஆவியே காரணம் என்பது 1921ஆம் ஆண்டிலேதான் ஐயந்திரிபற விளக்கப்பட்டது. கோதை இழுத்து உருவாக்கும்போது அதனுள்ளே ஒருவகை இறுக்கம் தங்கிவிடுகிறது. ஆவி பட்டதும் அந்த இறுக்கம் வெடிப்பாக வெளிப்படுகிறது. கோதைச் செய்தபின் மிதமான வெப்பத்தில் வைத்து எடுத்தால் இறுக்கம் தணியும் என்றும் அறியப்பட்டது.

குதிரை லாயம் இங்கே இல்லை. ஆயினும் மாட்டுக் கொட்டில் உண்டு; எருக்கும்பி உண்டு; வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் உரப்பைகள் உண்டு. ஈரம் பட்ட யூறியாவிலிருந்தும் அமோனியா எழும். உரம் வைக்கும் அறையிலேயே தோட்டாப் பெட்டியையும் வைத்துப் பூட்டும் கமக்காரர், தாம் அறியாமலே அந்த லாயத்தை மீண்டும் அமைக்கின்றார். தகரக் கூரையின் கீழ் வைத்தலும் தவறு. வெப்பம் மருந்தைக் கெடுக்கும். தோட்டாவுக்கு எண்ணெய் பூசுதல் அதனினும் தவறு. எண்ணெய் தீமூட்டிக்குள் ஊறி அதனைச் செயலற்றதாக்கும். கடையிற் பெற்ற பெட்டியோடு, இறுக மூடும் தகரப் பேழையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதியொன்றை இட்டு, குளிர்ந்த அறையிலே பூட்டி வைத்தலே முறை. வாங்கிய திகதியை வெளியே எழுதி, பழையதை முதலிற் சுடுதல் வேண்டும். கோதிலே பச்சைக் களிம்பு படர்ந்திருப்பின், அதனைத் துடைத்துப் பயன்படுத்த எண்ணாது ஒதுக்கிவிடுதல் வேண்டும்.

விலையே இல்லாத தோட்டாவும் குடாநாட்டிலே உண்டு. தோட்டம் கொத்தும்போதும் கிணறு வெட்டும்போதும் மண்ணிலிருந்து அது வெளிவருகிறது. முகமாலை போன்ற இடங்களிலே கண்ணிவெடி அகற்றுவோர் ஆண்டுக்கணக்காக முழந்தாளிட்டுப் பணியாற்றி வந்துள்ளனர். ஹலோ ட்ரஸ்ட் நிறுவனம் 2002ஆம் ஆண்டிலேயே இப்பணியைத் தொடங்கியது. இவ்வாறு கிடைக்கும் தோட்டாவைக் கழுவி எடுத்தால் வேட்டைக்கு உதவும் என்று எண்ணுவாரும், பித்தளைக்காகப் பழைய இரும்பு வியாபாரியிடம் கொடுப்பாரும் உளர். உப்பீரத்தில் ஆண்டுகள் பல கிடந்த தீமூட்டியும் மருந்தும் எந்நிலையில் உள்ளன என்பதை எவராலும் பார்வையாற் கூற இயலாது. அன்றியும், துருவேறிய நிலையிலே பெரிய தோட்டா போலத் தோன்றுவது உண்மையில் வெடிபொருள் நிரப்பிய பீரங்கிக் குண்டாக இருக்கலாம். அதைத் தட்டிப் பார்ப்பவன் சிறுவனாயினும் முதியவனாயினும் விளைவு ஒன்றே.

சட்டமும் இதனை மன்னிப்பதில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி துவக்குக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுதல் வேண்டும். 1996ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. மண்ணிலே தோட்டாவைக் கண்டவர் செய்ய வேண்டியது சிறிது: அதனைத் தொடாது, கிடந்த இடத்திலேயே விட்டு, அருகிலே ஒரு தடியை நட்டு அடையாளம் செய்து, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ அறிவித்தல். 119 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கும் கூறலாம். தடியை நடும்போதும், வந்த காலடித் தடத்திலேயே திரும்பிச் செல்லுதல் வேண்டும்.