இடக்கொச்சியிலிருந்து ஓரிரவு

பதின்வயதுப் பிள்ளைகளோடு சைக்கிளில் போவதென்றால், வாரக்கணக்கில் திட்டமிடும் நெடும்பயணத்தைவிட ஓரிரவுப் பயணமே மேல் என்பது என் கட்சி. கேரளத்தின் கொச்சி நகரிலுள்ள இடக்கொச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பெரும்படப்பில் பாலம் தாண்டினால் கும்பளங்கி. அங்கிருந்து கண்டக்கடவு, செல்லானம் வழியாக அர்த்துங்கல் தேவாலயம் வரை ஏற்றமே இல்லாத சமதளம். சுமார் 30 கிலோமீட்டர். காரில் போனால் கண்ணில் தங்காத பொக்காளி வயல்கள் சைக்கிளில் நிதானமாகத் தெரியும். மழைக்காலத்தில் உவர்நிலத்தைத் தாங்கும் நெல், நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதே வயலில் இறால். செல்லானத்தில் கடலரிப்பைத் தடுக்க அடுக்கியிருக்கும் நான்கு கால் கான்கிரீட் கட்டிகளைத் தொட்டே பார்க்கலாம்.

ஆபத்தில்லையா என்பீர்கள். உண்டு; அதனால்தான் அரூர் வழியாகப் போகும் 66-ஆம் எண் நெடுஞ்சாலை வேண்டாம், கடல் ஊருக்குள் புகும் ஜூன், ஜூலையும் வேண்டாம். டிசம்பரில் விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். பிள்ளைகள் முகம் சுளிப்பார்களே என்றால், வழியையும் பங்சர் ஒட்டும் சாமானையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். இழுத்துப்போகப்படுகிறவனுக்குத்தான் சலிப்பு வரும். படிப்பு? சனி, ஞாயிறு போதும். 17 வயதுவரை தினமும் 60 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முழங்கால் வலித்தால் சைக்கிளைப் பெட்டி ஆட்டோவில் ஏற்றித் திரும்பிவிடலாம். 200 கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தால் அது நடக்காது.