தடுப்பூசி தொற்றைத் தடுக்குமா? – விளையாட்டுக் களம் தந்த பாடம்

(ஜமாஅத் ஆண்டு விழாவின் கல்வி, சுகாதார அமர்வில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

நோய்த் தடுப்புப் பற்றிப் பேசுமாறு நிர்வாகிகள் என்னைப் பணித்தார்கள். பொதுவாகப் பேசிச் செல்வதைவிட, என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு இம்மன்றத்தில் விடை கூறுவதே பயனுடையது எனக் கருதுகிறேன்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த மாணவர் ஒருவருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. இங்கே கல்லூரிக் கைப்பந்து அணியில் ஆடியவர். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் உரிய தடுப்பூசியை இரண்டு தவணை போட்டுக்கொண்டதற்குச் சான்று வேண்டும் என்று அப்பல்கலைக்கழகம் கேட்டிருந்தது. அவருடைய தந்தையார் என்னிடம் வந்து, "கொரோனா ஊசி போட்டவர்களுக்கும் கொரோனா வந்தது, அவர்களிடமிருந்து மற்றவர்களுக்கும் பரவியது. இனி எந்த ஊசியை நம்பி என் மகனுக்குப் போடச் சொல்கிறீர்கள், டாக்டர்?" என்று கேட்டார். அவர் சொன்ன செய்தி உண்மை. அதிலிருந்து அவர் கொண்ட முடிவுதான் பிழை. ஆகவே அவரைக் கடிந்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அன்பர்களே! தொற்று நோய் எப்படிப் பரவுகிறது என்பதை அறியக் கல்லூரி விளையாட்டு அணியைப் போன்ற இடம் வேறில்லை. ஒரே விடுதி, ஒரே பேருந்து, ஒரே உடை மாற்றும் அறை. மூச்சு வாங்க ஆடுகிறார்கள். பின்னர் வேறு ஊருக்குச் சென்று வேறோர் அணியுடன் ஆடுகிறார்கள். ஓர் ஊரில் தோன்றிய கிருமி ஒரு வாரத்தில் பல ஊர்களைச் சென்றடைய இதுவே போதும்.

1989 ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் சியனா கல்லூரியில் தட்டம்மை பரவியது. அக்கல்லூரியின் கூடைப்பந்து அணி அப்பருவத்தின் இறுதி ஆட்டங்களைப் பார்வையாளரே இல்லாத அரங்குகளில் ஆட நேர்ந்தது. ஹார்ட்ஃபோர்டு நகரில் நடந்த போட்டித் தொடரும் வெற்று இருக்கைகளுக்கு முன்னால்தான் நடைபெற்றது. அத்தொடரை வென்ற அந்த அணி, பின்னர் தேசியப் போட்டியில் வலிமை மிக்க ஸ்டான்ஃபோர்டு அணியையும் 80-78 என்ற கணக்கில் வென்று காட்டியது.

தடுப்பூசி நடைமுறையில் இருந்த நாட்டில் தட்டம்மை ஏன் பரவியது? ஒரு தவணை ஊசி நூறு பேருக்குப் போடப்பட்டால் ஏறத்தாழ 93 பேருக்குப் பாதுகாப்புத் தரும். எஞ்சிய ஏழு பேர், இளைஞர்கள் நெருங்கி வாழும் கல்லூரியில் அந்தக் கிருமிக்குப் போதும். நோயாளி வெளியேறிய பின்னரும் இரண்டு மணி நேரம் வரை அறைக்காற்றில் தங்கி நிற்கக் கூடியது தட்டம்மைக் கிருமி. இரண்டாவது தவணை போட்டால் பாதுகாப்பு 97 விழுக்காடாக உயர்கிறது. அந்த 1989 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் இரண்டு தவணை முறை பரிந்துரைக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில், அந்நாட்டில் தொடர்ந்து நிலவும் நோயாகத் தட்டம்மை இனி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. நம் மாணவரிடம் கேட்கப்பட்ட சான்றின் பின்னணி இதுதான். இந்தத் தடுப்பூசி, போட்டவரைக் காப்பதோடு பரவலையும் தடுக்கிறது.

இனிக் கொரோனாவுக்கு வருவோம். 2021 ஜூன் மாதம் ஒமாஹா நகரில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பேஸ்பால் இறுதித் தொடர் நடந்தது. தடுப்பூசி போட்ட வீரர்களுக்கு அறிகுறி இல்லையெனில் பரிசோதனை தேவையில்லை என்பது விதி. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக அணியில் தொற்று கண்டறியப்பட்டபோது, ஊசி போடாதவர்களோடு போட்டவர்களும் அதில் இருந்தனர். எஞ்சிய 13 வீரர்களைக் கொண்டு அவ்வணி ஓர் ஆட்டம் ஆடித் தோற்றது. மறுநாள் ஜூன் 26 அதிகாலையில் தொடரிலிருந்தே நீக்கப்பட்டது. இறுதிச் சுற்றுக்கு இன்னும் ஒரே ஒரு வெற்றிதான் தேவைப்பட்டிருந்தது.

ஓர் ஊசி பரவலைத் தடுக்கிறது. மற்றோர் ஊசி முழுமையாகத் தடுக்கவில்லை. ஏன் இந்த வேறுபாடு? தட்டம்மைக் கிருமி உடலுக்குள் நுழைந்து, இரத்தத்தின் வழியே பரவி, நோயாக வெளிப்பட ஏறத்தாழ பத்து நாட்கள் ஆகின்றன. தடுப்பூசியால் பயிற்சி பெற்ற உடல் அதற்குள் விழித்தெழுந்து கிருமியை அழித்துவிடுகிறது. கொரோனாக் கிருமியோ மூக்கிலும் தொண்டையிலும் சில நாட்களிலேயே பெருகிவிடுகிறது. கையில் போடும் ஊசியால் உருவாகும் எதிர்ப்புப் பொருள்கள் இரத்தத்தில் மிகுதியாகவும் மூக்கின் உட்சவ்வில் குறைவாகவும் இருக்கின்றன. எனவே நுரையீரல் காக்கப்படுகிறது. மூக்கு முழுமையாகக் காக்கப்படுவதில்லை. மாதங்கள் செல்லச் செல்ல அப்பொருள்கள் குறைகின்றன, கிருமியும் உருமாறுகிறது.

ஆயினும் பரவல் சற்றும் குறையவில்லை என்று கூறுவதும் தவறு. 2021 இன் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வீடுகளை வைத்து நடந்த ஆய்வில், ஊசி போட்டவரிடமிருந்து வீட்டாருக்குத் தொற்றுவது பாதியளவு வரை குறைந்திருந்தது. டெல்டா வகை வந்த பின் அப்பயன் சிறுத்தது. சில மாதங்களில் மேலும் தேய்ந்தது. கடும் நோயிலிருந்தும் மரணத்திலிருந்தும் காக்கும் பயனோ அதைவிட நெடிது நிலைத்தது.

இளைஞர்களைப் பற்றிய இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசிகளுக்குப் பின், பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, அரிதாக இதயத் தசை அழற்சி ஏற்பட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2021 ஜூன் மாதத்தில் அதனை எச்சரிக்கைக் குறிப்பாகச் சேர்த்தது. கொரோனா நோயும் அதே அழற்சியை உண்டாக்கக் கூடியதே. இரண்டையும் எடை போட்டே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இது நமக்குப் புதிய செய்தியன்று. ஹஜ்ஜுக்குச் செல்வோர் அனைவரும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்கிறோம். அது வைரஸ் அன்று, பாக்டீரியா. எனினும் பாடம் ஒன்றே. 2000 ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் பின், W135 என்னும் வகைக் கிருமி ஹாஜிகளின் தொண்டையில் தங்கி, ஊர் திரும்பியபின் அவர்தம் வீட்டாரைப் பல நாடுகளில் தாக்கியது. அக்காலத்தில் பலர் போட்டுக்கொண்ட ஊசி அவ்வகையை உள்ளடக்கவில்லை. உள்ளடக்கிய பழைய ஊசியும் கிருமி தொண்டையில் தங்குவதைத் தடுக்கவில்லை. அதற்காக உலகம் ஊசியைக் கைவிடவில்லை. 2002 முதல் நான்கு வகைகளுக்கான ஊசியைச் சவூதி அரசு கட்டாயமாக்கியது. தொண்டையில் தங்குவதையும் குறைக்கும் புதிய ஊசிகள் பின்னர் வந்தன.

இவ்விடத்தில் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2021 இல் இதே மண்டபத்தில் நடந்த முகாமில், "நீங்கள் போட்டுக்கொண்டால் உங்கள் வீட்டாருக்குப் பரவாது" என்று பலரிடம் உறுதி கூறினேன். அந்த ஊசிகளின் முதற்கட்டப் பெரும் ஆய்வுகள், போட்டவருக்கு நோய் வருகிறதா என்பதை அளந்தவை. பிறருக்குப் பரவுகிறதா என்பதை அளக்கவில்லை. நல்ல எண்ணத்தில் சொன்னேன். ஆனால் அறிந்ததற்கு மேல் சொன்னேன். அன்று என் சொல்லைக் கேட்டுச் சென்றவர்களுள் இந்தத் தந்தையாரும் ஒருவர். அவர் ஊசியின் மேல் கொண்ட ஐயத்தில் என் பங்கும் உண்டு.

அந்த ஐயம் ஓர் ஊசியோடு நிற்பதில்லை. 2017 இல் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நம் மாநிலத்தில் நடந்தபோது, கைப்பேசி வதந்திகளால் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பத் தயங்கியதை அறிவீர்கள். 2025 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தட்டம்மை மீண்டும் பரவி 762 பேரைத் தாக்கியது. தடுப்பூசி போடப்படாத இரண்டு குழந்தைகள் இறந்தனர்.

ஆகவே எந்த ஊசியைப் பற்றியும் மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள். போட்டுக்கொள்பவரைக் கடும் நோயிலிருந்து காக்குமா? தொற்றே வராமல் தடுக்குமா? பிறருக்குப் பரவுவதை எந்த அளவு, எத்தனை காலம் குறைக்கும்? ஒன்றுக்கு "இல்லை" என்ற விடை வந்தால், மற்ற இரண்டுக்கும் அதுவே விடை என்று கொள்ளாதீர்கள். மருத்துவர்களாகிய எங்களிடம் துணிந்து கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

இவற்றையெல்லாம் கேட்ட அந்தத் தந்தையார் சற்று நேரம் அமைதியாக இருந்தார். "அன்றே இப்படிச் சொல்லியிருக்கலாமே, டாக்டர்" என்றார். பின்னர் மகனை அழைத்து வந்தார். 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணையும் போடப்பட்டன. அம்மாணவர் இப்போது அங்கே படித்து வருகிறார், அல்ஹம்துலில்லாஹ்.

 நம் மக்கள் அனைவருக்கும் இறைவன் நல்ல உடல்நலத்தை அருள்வானாக. வஸ்ஸலாம்.