படலை திறக்கும் வேளை



ஆண்டு விழாவிலே சட்டத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபொழுது சற்றுத் தயங்கினேன். பண்ணிசைக்கும் நாட்டியத்துக்கும் நடுவே பொலிசுச் சோதனையைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? ஆனால் சென்ற கிழமை ஒரு தாயார் என் வீட்டுக்கு வந்து கேட்ட கேள்வி என்னை இம்மேடையில் ஏற்றிவிட்டது. "இரவிலே வந்தாங்கள் தம்பி, அலுமாரியைக் கிளறினாங்கள், பிள்ளையின்ரை போனையும் மோட்டார் சைக்கிளையும் கொண்டு போட்டாங்கள். யாரிட்டைப் போய்க் கேக்கிறது?"

வந்தவர்கள் எந்த நிலையத்தார் என்பது இங்கு வேண்டாம். நான் அவரிடம் மூன்று விஷயங்கள் கேட்டேன். ஏதேனும் கடதாசி காட்டினார்களா? எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் தந்தார்களா? இது நடந்து எத்தனை நாள்? முதலிரண்டுக்கும் "கேக்கப் பயமாயிருந்தது" என்றார். மூன்றாவதற்கு, "ஐஞ்சு கிழமை" என்றார். எனக்கு நெஞ்சு கனத்தது. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

அந்தத் தாயாரை நான் குறை சொல்லமாட்டேன். சுற்றிவளைப்பையும் சோதனைச் சாவடியையும் கண்டு வளர்ந்த மண் இது. நாய் குரைத்ததும் படலையைத் திறந்துவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்க 2009க்கு முன்னமே பழகிவிட்டோம். யுத்தம் முடிந்தது, பழக்கம் முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? வீட்டின் அந்தரங்கம் என்றொரு தனி உரிமை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலே எழுதப்படவில்லை. இது பெருங்குறை என்றே நான் எண்ணுகிறேன். ஆயினும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை 12ஆம் உறுப்புரையும், சட்டம் வகுத்த முறைப்படியன்றி ஒருவரைக் கைது செய்யலாகாது என்பதை 13ஆம் உறுப்புரையும் தருகின்றன. வீட்டைச் சோதிக்கும் வழமையான வழி, நீதவானிடம் தேடுதல் ஆணை பெற்று வருவது. ஆணையின்றி வீடுகளைச் சோதிக்க முனையும் பொலிசாரின் செய்கையை மேலதிகாரிகளும், எல்லாருக்கும் மேலாக நீதிமன்றங்களும் விழிப்போடு கண்காணிக்க வேண்டும் என்று 1951லேயே, முத்துசாமி எதிர் கன்னங்கர என்ற வழக்கிலே, நீதியரசர் கிரேசியன் எழுதிவைத்தார்.

ஆணையின்றிப் புக இடந்தரும் சட்டங்களும் உண்டு என்பதை மறைக்கலாகாது. மதுவரிச் சட்டம் அத்தகையது. 1979இல் தற்காலிகம் என்று வந்து 1982இல் நிரந்தரமாகிவிட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் அதனினும் அகலமாகக் கதவைத் திறக்கிறது. ஆனால் அச்சட்டத்திலுங்கூட அந்த அதிகாரம் பொலிஸ் அத்தியட்சருக்கும் அவருக்கு மேற்பட்டோருக்கும், அத்தியட்சர் எழுத்திலே அதிகாரம் அளித்த உப பரிசோதகர் தரத்துக்குக் குறையாதவருக்குமே உண்டு. அங்கும் ஒரு கடதாசி இருக்கிறது, கவனியுங்கள்! ஆகவே "எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்பது குற்றமாகாது. மரியாதையாகக் கேளுங்கள். மறிக்கவேண்டாம், கைகலப்பு வேண்டவே வேண்டாம். அது வேறொரு வழக்கைக் கொண்டுவரும். வீட்டிலுள்ள ஒருவர் சோதனை முடியும்வரை கூடவே நிற்கட்டும். பெண்களைப் பெண்களே சோதிக்கவேண்டும், அதுவும் கண்ணியமாக. எடுத்த பொருள்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் நீங்களே எழுதுங்கள்: நேரம், வந்தவர்களின் பெயர், இலக்கம், வாகன இலக்கம், கொண்டுபோன பொருள். பாடசாலைக் கொப்பியின் கடைசித் தாள் போதும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் களைந்துவிடுகிறேன். சோதனை முறைகேடானது என்றால் அகப்பட்ட பொருளும் வழக்கிலிருந்து மறைந்துவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. முறைதவறிக் கிடைத்த சாட்சியத்தையும் ஏற்கலாம் என்று 1950ஆம் ஆண்டு மதுவரி வழக்கொன்றிலேயே தீர்ப்பாயிற்று.

இனி ஒரு வழக்கைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1982ஆம் ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி ஆறு வருடம் நீட்ட ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. அதனை எதிர்த்துப் 'பவிதி ஹண்ட' என்ற அமைப்பு துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டது. துறவிகளின் குரல் என்பது அப்பெயரின் பொருள். பொலிஸ் அத்தியட்சர் உடுகம்பொல 20,000 பிரசுரங்களைக் கைப்பற்றி அச்சகத்துக்கும் முத்திரை வைத்தார். அமைப்பின் செயலாளரான இரத்தினசார தேரர் உயர் நீதிமன்றம் சென்றார். 1983இல் தீர்ப்பு வந்தது: கைப்பற்றியது சட்டவிரோதம், கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டது, 10,000 ரூபா நட்டஈடு.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அமைச்சரவை அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்தது. நட்டஈட்டை அரசாங்கப் பணத்திலேயே கட்டியது. "அப்படியானால் வழக்காடி என்ன பயன்?" என்று பின்வரிசைத் தம்பி ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. தம்பி, அதிகாரிக்குப் பதவியைக் கொடுக்க முடிந்ததேயன்றித் தீர்ப்பை அழிக்க முடியவில்லை. நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் நான் அதை இங்கே எடுத்துச் சொல்கிறேனல்லவா?

நம் வவுனியா வடக்கிலே 2024 மார்ச் 8ஆந் திகதி சிவராத்திரி இரவு வெடுக்குநாறி மலையில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அது வீட்டுச் சோதனையன்று. வழிபாட்டிலிருந்த எட்டுப் பேரைக் கைது செய்தது. 19ஆந் திகதி வவுனியா நீதவான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பதினொரு நாளை யாரும் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. சட்டத்தரணிகள் உடனே முன்வந்திராவிட்டால் அது எத்தனை நாளாகியிருக்குமோ!

இப்பொழுது அந்த ஐந்து கிழமைக்கு வருகிறேன். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்பது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. வவுனியாவிலே அதற்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அந்தத் தாயார் பயந்து வீட்டிலிருந்த நாளெல்லாம் அந்த மாதம் கரைந்துபோயிற்று.

எல்லா வழியும் அடைபட்டுவிடவில்லை. களவுப் பொருள் என்றோ குற்றத்தோடு தொடர்புள்ளது என்றோ சந்தேகித்துப் பொலிசார் கைப்பற்றும் பொருளைத் தாமதமின்றி நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும்; உரித்துடையவரிடம் ஒப்படைப்பது பற்றி நீதவான் கட்டளையிடுவார். இது 1979ஆம் ஆண்டு குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 431ஆம் பிரிவு. வருகிற திங்கட்கிழமை மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகத்தோடு அவர் நீதிமன்றத்துக்கு வருகிறார். ஒரு சட்டத்தரணியை ஒழுங்கு செய்திருக்கிறேன். உங்களில் யாருடைய வீட்டிலாவது இப்படிப் பொருள் போயிருந்தால், விழா முடிந்தபின் மண்டப வாசலில் நிற்பேன். போன திகதியை மட்டும் மறக்காமல் எழுதிக்கொண்டு வாருங்கள்.