சுவரில் எழுதுவோம் அன்னையர் பெயரை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கோலார் தங்கவயலின் வரலாற்றை எடுத்துரைப்போர், 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குக் கால்கொண்டதையும், 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததையும், சாம்பியன் ரீப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே இறங்கியதையும், 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டதையும் தவறாது கூறுவர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோரின் துணிவையும் போற்றுவர். அவ்வரலாற்றில் நம் அன்னையர் எங்கே?

பெண்கள் நிலத்தடியில் பணிபுரிவதை 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் தடைசெய்தது. 2019-இல் அத்தடை தளர்ந்தபோது நம் சுரங்கங்கள் மூடிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கீழே இறங்கிய ஆடவருக்குப் பதிவேட்டில் பெயர் உண்டு. லைன் வீட்டில் விடியுமுன் அடுப்பு மூட்டியவளுக்கும், பாறை வெடித்ததென்று கேட்டதும் குழந்தையை இடுப்பில் ஏந்திச் சுரங்கவாய்க்கு ஓடியவளுக்கும், சிலிக்கோசிஸ் நோயால் மூச்சுத் திணறிய கணவரை இரவெல்லாம் தாங்கியிருந்தவளுக்கும் எந்தப் பதிவேட்டில் பெயர் உண்டு?

இவ்வினாவை எழுப்பியோர் நாம் மட்டும் அல்லர். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் மிஷன் என்றொரு பகுதி உண்டு. மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து பிழைப்பு நாடி வந்தோர் நிறைந்த இடம் அது. சாரம் ஏறிச் சுவரில் ஓவியம் தீட்டுதல் ஆடவர் தொழில் என்று கருதப்பட்ட 1970-களில், அங்குள்ள இலத்தீன் அமெரிக்க மரபுப் பெண்கள் சிலர் ஒரு குழுவாகக் கூடித் தாமே சாரம் ஏறினர். வீட்டிலும் சந்தையிலும் உழைக்கும் தம் மக்களைத் தெருச்சுவர்களில் தீட்டினர்.

அக்குழுவில் இருந்த ஐரீன் பெரேஸ், 1994-இல் வேறு ஆறு பெண் ஓவியரோடு சேர்ந்து, அங்குள்ள மகளிர் மன்றக் கட்டடத்தின் வெளிச்சுவர்களில் பேரோவியம் ஒன்றைப் படைத்தார். அவ்வெழுவருள் மீரா தேசாயும் ஒருவர். நோபல் அமைதிப் பரிசு பெற்ற குவாத்தமாலா நாட்டு ரிகோபெர்த்தா மென்சூவின் உருவம் அதில் உண்டு. அதனினும் என் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. ஓவியத்தில் விரிந்து தொங்கும் துணியின் மடிப்புகளிலே நூற்றுக்கணக்கான பெண்களின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன!

அன்பர்களே! அத்தகைய சுவர் ஒன்று நமக்கும் வேண்டும். தலைமைப் பதவி வகித்தோரை மட்டும் தீட்டுவதற்கன்று. குடத்தோடு குழாயடியில் நின்றவளையும், சங்கொலி கேட்டுத் திடுக்கிட்டவளையும், சுரங்கம் மூடியபின் விடியற்காலை இரயில்வண்டியில் பெங்களூருக்குச் சென்று உழைத்து இருட்டியபின் வீடு திரும்புகிற மகளையும் அதில் காணவேண்டும். தீட்டுவோரை வெளியே தேட வேண்டா. நாள்தோறும் வாசலில் கோலமிடும் கைகள் இங்கேயே உள்ளன. அக்கோலம் மாலைக்குள் காலடியில் கலைந்துவிடுகிறது. சுவரோவியமோ பேரர் காலம்வரை நிற்கக்கூடும்.

“வேலையில்லாத ஊரில் வண்ணமா சோறு போடும்?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சுவர் சோறு போடாது. ஆயினும் எழுதப்படாத உழைப்பு கணக்கில் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாதோரின் உரிமையை எவரும் கேட்பதுமில்லை. ஆகவே இதையும் செய்வோம். வேலைக்கான முயற்சியையும் விடாது தொடர்வோம்.

நம் பாட்டிமார் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்களோடு கதைகளும் மறைகின்றன. இன்றிரவு இல்லம் திரும்பியதும், வீட்டிலுள்ள மூதாட்டியின் அருகில் அமருங்கள். அவர் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள். வீட்டிற்கு ஒரு பெயரேனும் சங்கத்திற்குக் கொண்டுவாருங்கள். பெயர்கள் சேரட்டும், சுவர் தானே கிடைக்கும்.