‘ஆனால்’ என்னும் ஒரு சொல்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து இரயில்வே குமாஸ்தாவாகச் சேர்ந்த நம்மை மேடையேற்றியது செயலாளரின் துணிவு. இலக்கியம் பேச நமக்குத் தகுதியில்லை. நாம் வாழும் இப்புனே நகரில் நடந்தவற்றையே பேச விழைகின்றோம்.

2013 ஆகஸ்டு 20. காலையில் உலாவச் சென்ற டாக்டர் நரேந்திர தாபோல்கர், ஓங்காரேசுவரர் பாலத்தின்மீது சுட்டுக் கொல்லப்பட்டார். மூடநம்பிக்கையை எதிர்த்து இயக்கம் நடத்தியவர். ‘சாதனா’ வார இதழின் ஆசிரியர். அன்று மாலை லோணாவளா லோக்கலில், நம்மோடு வழக்கமாக வரும் மூத்த ஊழியர் ஒருவர் சொன்னார்: “சுட்டது தவறுதான், ஆனால் மனிதர் இவ்வளவு பேசியிருக்க வேண்டியதில்லை.”

நாமும் தலையசைத்தோம். கிருத்திகை விரதமும் பழனி நேர்த்திக்கடனும் விடாதவர்கள் நாம். தாபோல்கர் பேச்சில் நமக்கு உடன்பாடில்லாதவை பல. ஆயினும் அத்தலையசைப்பு அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. அந்த ‘ஆனால்’ எங்கிருந்து வந்தது?

அதே லோக்கல் சிஞ்ச்வடில் நிற்கும். 1897 ஜூன் 22 இரவு, பிளேக் அதிகாரி ராண்டைக் கணேஷ்கிண்ட் சாலையில் சுட்ட சாபேகர் சகோதரர்களின் ஊர் அது. பிளேக் சோதனை என்ற பேரில் சிப்பாய்கள் வீடுதோறும் புகுந்து செய்த கொடுமையால் நகரம் கொதித்திருந்த காலம். பின்னர்த் தூக்கிலேறிய அச்சகோதரர் மூவருக்கும் இன்று அங்கே சிலை நிற்கிறது. நம் ஊர்ப்பக்கம் மட்டும் என்ன? 1911 ஜூன் 17 அன்று, மனைவியுடன் வண்டியில் அமர்ந்திருந்த ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்ட நிலையம், இன்று வாஞ்சி மணியாச்சி. அப்பெயரைச் சொல்லும்போது நம் நெஞ்சு நிமிர்வதை மறைப்பானேன்? அந்நியன் ஆட்சி, வாக்குரிமை இல்லாத காலம் என்று நியாயம் சொல்வோம். நியாயந்தான். ஆனால் (பாருங்கள், அச்சொல் நம் வாயிலும் வந்துவிட்டது!) சாபேகர் கதையில் விழாக்களில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு. தம் அண்ணனைக் காட்டிக் கொடுத்தார்கள் என்று, 1899இல் இளைய சாபேகரும் தோழரும் இரண்டு சகோதரர்களைச் சுட்டுக் கொன்றனர். சுட்டவரும் புனேக்காரர், மாண்டவரும் புனேக்காரர். மாண்டவர் குடும்பப்பெயர் என்ன தெரியுமா? திராவிட்! தெற்கின் பெயரைத் தாங்கி இவ்வூரில் வாழ்ந்த குடும்பம். துரையைத் தேடிய துப்பாக்கி, இரண்டாண்டு நிறையுமுன் அண்டை வீட்டாரைத் தேடிற்று.

சுதந்திரமும் வந்தது. 1948 ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகளைச் சுட்ட கோட்சே, இந்நகரில் பத்திரிகை நடத்தியவர். 1934ஆம் ஆண்டிலேயே இங்கே காந்தியடிகளின் கார் என்றெண்ணி வேறொரு காரின்மேல் குண்டெறிந்தார்கள். எறிந்தவன்மீது அடிகள் காட்டியது இரக்கமே. 1948இல் மக்கள் காட்டியது என்ன? சுட்டவன் சாதியிற் பிறந்ததன்றி வேறு குற்றமறியாதாரின் வீடுகள் இம்மாநிலத்தில் பல ஊர்களில் எரிந்தன. கொலையைக் கண்டித்தவர்களே கொளுத்தினார்கள். அவர்களிடமும் ஓர் ‘ஆனால்’ இருந்திருக்கும்.

இப்பொழுது அச்சொல் கைப்பேசியில் வருகிறது. எதிர்க்கட்சிக்காரர் அடிபட்டால் கேலிப்படம். நம் கட்சிக்காரர் அடிபட்டால் சனநாயகம் செத்துவிட்டது என்ற ஒப்பாரி. சபையிலுள்ள சிலர் வருந்தக்கூடும். நாமும் அனுப்பியதுண்டு.

தாபோல்கர் வழக்கில் 2024 மே 10 அன்று புனே நீதிமன்றம் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது, மூவரை விடுவித்தது. மறுநாள் லோக்கலில் அந்த மூத்த ஊழியரின் நினைவு வந்தது. “‘சுட்டது தவறு’ என்பதோடு நிறுத்துங்கள், ஐயா” என்று அவரிடம் சொல்ல ஏறத்தாழ பதினோராண்டாய் வைத்திருந்தோம். அவரோ எப்போதோ ஓய்வு பெற்று ஊருக்குச் சென்றுவிட்டார். நாம் தலையசைத்ததை மட்டுமே அவர் அறிவார்.